ஆரஞ்சை அவிக்க முடியாது

கிழங்கு வெந்த தண்ணீரைப் பிளாரன்ஸ் வீட்டுக்குள் கொட்டுவதில்லை. பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி வந்து, தெரு வாறுகாலில் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை உதறிவிட்டுத்தான் திரும்புவாள். பிறகு புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் அவிப்பாள். இப்படி இரண்டு முறை வெந்த சீனிக்கிழங்கில் இனிப்பும் இருக்காது, மணமும் இருக்காது. அதைத்தான் மசித்துப் புருஷனுக்குக் கொடுப்பாள்.

புருஷன் மெல்வின், தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துதான் உயிர் ஓடுகிறது. பொட்டாசியம் சேர்ந்தால் இதயமே நின்றுவிடும். எடைக்கு எடை பார்த்தால் ஆரஞ்சைவிடப் பச்சைக் கிழங்கில்தான் அது அதிகம் என்று ஆஸ்பத்திரியில் பத்தியம் சொல்லும் பெண் விளக்கியிருக்கிறாள். ஆனால் பொடியாக நறுக்கி அவித்து வடித்தால், கிழங்கிலிருந்து பாதியாவது போய்விடுமாம். பிளாரன்ஸ் அந்தப் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆரஞ்சில் வைட்டமின் உண்டே என்று யாராவது ஆரம்பித்தால் போதும்.

"சத்து கெடக்கட்டும். கிழங்குன்னா அவிச்சு வடிச்சிரலாம். ஆரஞ்ச அவிக்கவா முடியும்?"

ஆனால் நோயாளியைப் பார்க்க வருகிற நம் ஆட்களுக்கு ஆரஞ்சை விட்டால் வேறு ஒன்றும் தெரியாது. மணப்பாட்டு மதினி முதல் பங்குச்சாமியார் வரை ஆளுக்கொரு பை. பிளாரன்ஸ் முகம் கோணாமல் வாங்கி, அவர்கள் தெருமுனை திரும்பியதும் பக்கத்து வீடான எங்களிடம் தள்ளிவிடுவாள். எங்கள் ஃபிரிட்ஜில் முட்டை வைக்க இடமில்லை. எனக்கு இப்போது ஆரஞ்சைக் கண்டாலே எரிச்சல்.

மெல்வினுக்கு அப்படியில்லை. பை உள்ளே நுழையும்போதே மோப்பம் பிடித்துவிடுவார்.

"ஒத்தச் சொளை தாளா."

நீளும் கையைப் பிளாரன்ஸ் செல்லமாகத் தட்டிவிடுவாள். "நல்லானபொறவு திங்கலாம்" என்பாள். அதைக் கேட்டால் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். நல்லாகிவிடுவோம் என்று அவருக்கு வேறு யாரும் சொல்வதில்லை.

போன வாரம் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். இதயம் தளர்ந்துவிட்டது, இனி மெஷினை உடம்பு தாங்காது, பத்தியத்தை விட்டுவிட்டு ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார். மெஷினுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு என்று மெல்வினிடம் சொல்லி வைத்துவிட்டு, எங்கள் அடுப்படி வாசலில் நின்று என்னிடம் உள்ளதைச் சொன்னாள். அழவில்லை. நான் ஃபிரிட்ஜைத் திறந்து ஆரஞ்சுப் பையை நீட்டினேன். அவள் கை நீளவில்லை.

"இதக் குடுத்தா அவியளுக்குத் தெரிஞ்சிரும்லாக்கா."

மாதா மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. மறுநாள் காலையிலும் அவள் பானையோடு வாறுகாலுக்கு வந்தாள். கடைசிச் சொட்டு வரை உதறினாள்.

நேற்று சாயங்காலம் போயிருந்தேன். யாரோ வைத்துவிட்டுப் போன பை கட்டில் ஓரத்தில் இருந்தது. எலும்பும் தோலுமான மெல்வினின் கை மெல்ல நகர்ந்து அதன்மேல் போய் நின்றது. வாய் திறந்து கேட்கவில்லை, அவளையே பார்த்தார். பிளாரன்ஸ் கிழங்குக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எப்போதும்போல அந்தக் கையைத் தட்டினாள். தட்டிய கையை எடுக்காமல் அதன்மேலேயே வைத்திருந்தாள்.