ஊதா வெளிச்சத்தில் ஓர் அந்தூரியம்

புத்தளத்தில் வெளிச்சம் விற்பது, உப்பளத்தில் போய் உப்பு விற்பதைப் போன்ற தொழில். காலை எட்டு மணிக்கே தார் வீதி கண்ணைக் கூசவைக்கிற ஊரில், "உங்கள் செடிக்கு வெளிச்சம் போதாது, இந்த விளக்கை வாங்குங்கள்" என்று சொல்ல வேண்டும். அதுவும் முன்பின் அறியாதவர்களிடம் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராத நான் சொல்ல வேண்டும்.

தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்து முடித்தேன். இப்போது என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவரான மச்சானுடைய மின்சாமான் கடையில், பின்பக்கத்து மேசையில் உட்கார்ந்து, செடி வளர்க்கும் எல்.ஈ.டி. விளக்குகள் செய்கிறேன். வீட்டுக்குள் ஆசையாக ஒரு செடியை வைத்து, அது ஒவ்வோர் இலையாகப் பழுத்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள் என்றால், நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

மாப்பிள்ளை வரும் விளக்கு

முதல் விளக்கை, யன்னல் செய்கிறவர் வெட்டி எறிந்த அலுமினியத் துண்டொன்றில் செய்தேன். எல்.ஈ.டி. மணிகள் எரியும்போது சூடாகும். அந்தச் சூட்டை அலுமினியம் இழுத்துக்கொள்ளாவிட்டால் மணிகள் சீக்கிரம் மங்கிப்போகும். நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் செடிக்குச் சிவப்பும் நீலமும் இருந்தால் போதும் என்று அடித்துச் சொல்லின. நாலு சிவப்புக்கு ஒரு நீலம் என்று பற்றவைத்து, கடை முகப்பில் ஒரு மணிபிளான்டுக்கு மேலே தொங்கவிட்டேன். கடை முழுக்க ஊதா. மச்சானின் மீசைகூட ஊதா.

உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் பல்பு வாங்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். செடியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், மேசைக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னைப் பார்த்தார். "மகள், இது செடிக்கா, இல்லாட்டி மாப்பிள வாறாரா?"

ஆண்கள் போக முடியாத வேலை

சுலைஹா ராத்தா என் கூடப் பிறந்தவர் அல்ல; மூத்த பெண்களை எல்லாம் நாங்கள் ராத்தா என்போம். அவருடைய அறைக்கு விளக்குப் போடும் வேலையை மச்சான்தான் என்னிடம் தந்தார். குறிஞ்சிப்பிட்டியில் வீடு. கணவர் லொறி ஓட்டியவர். கற்பிட்டிக் கருவாட்டை மலைநாட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது ஒவ்வொரு முறையும் ஓர் அந்தூரியச் செடி கொண்டுவருவாராம். அவர் மௌத்தாகி ஒரு மாதமாகியிருந்தது. ராத்தா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள், பிற ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அறை யன்னலைக் கனத்த சீலை போட்டு மூடியிருந்தார்கள். வீட்டைச் சுற்றிய வளவில் இருந்த செடிகள் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் உப்புக் காற்றில் கருகிவிட்டன. ஒன்றை மட்டும் அறைக்குள் எடுத்து வைத்திருந்தார். வயர் வேலை செய்கிற ஆண்கள் அந்த அறைக்குள் போக முடியாது. அதனால் நான்.

கதிரையில் ஏறி, கூரை மரத்தில் ஆணி அடித்து, விளக்கைக் கட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ராத்தா கதைக்கத் தொடங்கினார். "எப்பவும் வெள்ளப் பூதான் கொண்டுவருவார், புள்ள. கேட்டா மறந்துட்டன் எண்டுவார். கடைசித் தடவை போகக்குள்ள சண்டை பிடிச்சன். என்ட சொல்ல ஒரு நாளைக்காவது கேளுங்க, செவப்பு ஒண்டு கொண்டுவாங்க எண்டு."

அப்போது கணவர் கொண்டுவந்தது இந்தச் செடி; அதில் பூவே இல்லை. என்ன நிறம் என்று கேட்டதற்கு, பூத்தால் பார் என்று சிரித்திருக்கிறார். மூன்றாம் நாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். ராத்தா செடியின் அடித்தண்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சாகாமப் பூக்கணும். கேட்டாரா, கேக்கல்லயா எண்டு எனக்குத் தெரியணும்."

பெட்டியில் எழுதியது

நடுவில் சிலாபத்திலிருந்து ஓர் அம்மா, வேறெங்கோ வாங்கிய விளக்கோடு வந்தார். பெட்டியில் ஆயிரம் வாட் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. மூன்று மாதமாகியும் கற்றாழைகூட வெளுத்துப்போகிறதாம். நான் அதை, எத்தனை வாட் இழுக்கிறது என்று அளவு காட்டும் பிளக்கில் செருகினேன். நாற்பது என்று காட்டியது. நம்பாமல் திரும்பவும் செருகினேன். நாற்பதுதான். இந்தத் துறையில் பெட்டியை வாசித்து விளக்கு வாங்கக் கூடாது, சுவரிலிருந்து எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இதை அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அளவு காட்டும் பிளக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் அந்த எண்ணைப் பார்த்தார். கோபப்படவில்லை. விளக்கைத் துணியில் சுற்றித் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். "எங்கட மருமகனும் இப்பிடித்தான், பிள்ளை. கல்யாணம் பேசேக்க பெட்டியில ஆயிரம் எழுதியிருந்தது."

இருட்டு

சுலைஹா ராத்தா தொலைபேசியில் கூப்பிட்டார். இலையின் விளிம்புகள் கருகுகின்றன என்றார். அடுத்த பஸ்ஸில் போனேன். போய்ப் பார்த்தால் இரண்டு பிழைகள். ஒன்று என்னுடையது. விளக்கைச் செடிக்கு ஒரு சாண் கிட்டத்தில் தொங்கவிட்டிருந்தேன். கை வைத்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். கை வைத்துப் பார்க்கவில்லை. கயிற்றைச் சுருக்கி மேலே தூக்கினேன்.

மற்றது அவருடையது. நான் கட்டிவிட்டுப் போன நாளிலிருந்து அவர் விளக்கை ஒரு தடவையும் அணைக்கவில்லை. செடிக்கும் இருட்டு வேண்டும், பகல் முடிந்துவிட்டது என்று அதற்குத் தெரிய வேண்டும் என்று தரையைப் பார்த்தபடி சொல்லி, பன்னிரண்டு மணித்தியாலத்தில் தானாக அணைகிற டைமர் ஒன்றைப் பூட்டினேன். அது டிக் டிக் என்று ஓடுவதை அவர் குனிந்து பார்த்தார். "செடிக்கு வேணும் எண்டாப் போடுங்க. எனக்குத்தான் அறை இருட்டா இருந்தா ஏலா. நான் குசினி லைட்டப் போட்டுட்டு அடுப்புக்குப் பக்கத்துல படுக்கிறன்."

மூன்று நாள் பழைய மீன்

கற்பிட்டியில் வெளிநாட்டார் வந்து தங்கும் ஒரு ஹோட்டல். சாப்பாட்டு மண்டபத்தில், குளிரூட்டியின் காற்றில், சுவர் நிறையச் செடிகள். வாரம் ஒரு முறை செத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வைப்பார்களாம். ஆறு ஊதா விளக்குகள் கட்டிக்கொண்டு போனேன். கட்டி முடிக்கவும் மத்தியானச் சாப்பாடு வந்தது. விளக்குகளைப் போட்டேன். இலைகள் கறுத்தன. தட்டில் இருந்த மீன் காயம்பட்ட மாதிரி நீலம் பாரித்தது. வெள்ளைச் சோறு ரோசாப்பூ நிறத்துக்கு மாறியது. யாரும் கரண்டியைத் தொடவில்லை.

பிறகு வெள்ளை மணிகள் பதித்து ஆறையும் புதிதாகச் செய்தேன். ஒரு மாதத்தில் அந்தச் சுவர்ச் செடிகள் ஒவ்வொன்றும் புது இலை விட்டன. வெள்ளை வெளிச்சமே செடிக்குப் போதும் என்று அங்கேதான் படித்தேன். ஆனால் ஊதாவைக் கட்டிய அன்று எனக்குக் கிடைத்தது ஹோட்டல் சமையல்காரரின் பேச்சுத்தான். "தங்கச்சி, விடியத் தோணியால எறங்கின பாரை மீன் இது. உங்கட லைட்டுக்குக் கீழ வெச்சா மூணு நாள் பழசு. தயவுசெஞ்சி கழட்டுங்க."

கேட்டிருக்கிறார்

சுலைஹா ராத்தாவுக்கும் ஒரு வெள்ளை விளக்குச் செய்து, ஊதாவைக் கழற்றிவிடலாம் என்று பையில் வைத்துக்கொண்டு போனேன். அவருக்கு இத்தா மூன்று மாதம் தாண்டியிருந்தது. வாசலிலேயே என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப்போனார். அந்தூரியம் பூத்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு பூ. விளக்குக்குக் கீழே இலைகள் கறுப்பாக இருக்க, அது மட்டும் சுடர் மாதிரி நின்றது. "செவப்பு" என்றார்.

நான் பூவைப் பார்த்தேன். உண்மையான சிவப்பு அந்த வெளிச்சத்தில் இன்னும் இருண்டு, இரத்தக் கட்டி மாதிரித் தெரியும். இது ரோசா நிறம். ஹோட்டல் தட்டில் நான் பார்த்த வெள்ளைச் சோற்றின் நிறம். விளக்கை மாற்ற இரண்டு நிமிடம் போதும். குறடு என் கையில்தான் இருந்தது. "வடிவா இரிக்கி, ராத்தா" என்றேன். குறட்டைப் பைக்குள் போட்டு, அதற்கு மேலே கையை வைத்துக்கொண்டேன்.

தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவர் கணவர் இறந்தபின் அந்த வீட்டில் சிரிப்பைக் கண்டது எனக்கு அதுதான் முதல் தடவை. "கேட்டிரிக்கார், புள்ள. ஒரு தடவையாவது என்ட சொல்லக் கேட்டிரிக்கார்."

வெயிலுக்குச் சீலை

வெள்ளை விளக்கு திரும்பக் கடை அலுமாரிக்கு வந்ததைப் பார்த்து மச்சான் ஏன் என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் என்னை ஏசுகிறவர் அல்ல. கையிலிருந்த பிளக்கின் திருகாணியை முறுக்கி முடித்து, அதை மேசையில் வைத்தார். "சரி, நீ வாய் திறக்கல்ல. இத்தா முடிஞ்சி அவ பூச்சட்டியத் தூக்கிக்கிட்டு வளவுக்குப் போற அண்டைக்கி, வெயிலுக்கு ஆர் சீலை போடுறது?"

வளவில்

அதன்பிறகு நாட்களை எண்ணினேன். இத்தா முடிவதற்கு முன் பூ வாடிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். செடி வளர்க்க விளக்குச் செய்கிற ஒருத்தி ஆசைப்படக் கூடாத ஆசை அது. நடக்கவும் இல்லை. அந்தூரியப் பூ இரண்டு மாதம் நிற்கும். சனங்கள் அதை விரும்புவதே அதற்காகத்தான்.

இத்தா முடிந்த மறுநாள் காலை, விளக்கைக் கழற்ற வரச்சொல்லிக் கூப்பிட்டார். யன்னல் சீலையை ஏற்கெனவே எடுத்துத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தார்கள். நான் விளக்கை அணைத்துக் கழற்றி, வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோதே அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலால் வளவில் இறங்கிவிட்டார். பின்னாலேயே ஓடினேன். கிணற்றடியில், கொளுத்தும் வெயிலில், சட்டியைக் கீழே வைத்தார். பூ வெள்ளை. ஓரத்தில்கூட ஒரு சிவப்புக் கோடு இல்லை.

"ராத்தா, எனக்கு அண்டைக்கே..." என்று தொடங்கினேன். அவர் சால்வை நுனியால் இலைகளில் இருந்த தூசியை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கடைசி இலையையும் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "எனக்கும் அண்டைக்கே தெரியும், புள்ள. இத்தாவுக்கு நான் உடுத்த வெள்ள உடுப்பும் அந்த லைட்டுக்குக் கீழ அதே நெறம்தானே. கொஞ்ச நாளைக்காவது என்ட சொல்லக் கேட்ட மனுசனா இருந்துட்டுப் போகட்டும் எண்டுதான் சும்மா இருந்தன்."

இப்போதெல்லாம் ஊதா விளக்குக் கேட்டு வருகிறவர்களிடம், உங்களுக்குச் செடி வளர்ந்தால் போதுமா, பூவின் நிறமும் தெரிய வேண்டுமா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அந்தக் கேள்வியால்தான் வியாபாரம் படுத்துவிட்டது என்பது மச்சானின் அபிப்பிராயம்.