பசறைக்கு மேலே ஒரு முழு வரவு

பசறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில், பதினோராம் தர மாணவிகள் இந்தத் தவணை ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆதாரம், வகுப்பாசிரியை கையெழுத்திட்ட வரவு இடாப்பு, அதாவது வரவுப் பதிவேடு. திங்கட்கிழமை பதுளைக் கல்வி அலுவலகத்தில் ஓர் அதிகாரி அதன் நகலைக் காட்டினார். "இலவசமா சுகாதாரத் துவாய் குடுத்தோம், வரவு முழுசா இருக்கு. ஆனா கணக்குப் புள்ளி கூடல. படிப்புக்கு உதவலன்னு எழுதி நிறுத்தப் போறோம்," என்றார். மழைக்காலத்தில் முழு வரவா? நம்பாமல்தான் மறுநாள் கிளம்பினேன்.

காலை 6.40க்குப் பதுளையில் பஸ். பசறை பத்தொன்பது கிலோமீற்றர். வளைவுகளால் ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆறு கிலோமீற்றர் ஆட்டோ, 900 ரூபா. பாதையைப் பார்த்தபின் பேரம் பேசவில்லை.

"நீங்க வர்றது தெரிஞ்சா டொய்லட்டுக்குப் பெயின்ட் அடிச்சிருப்பாங்க மிஸ்," என்றார் சாரதி.

"தண்ணி வருமா?"

"பெயின்ட் காஞ்சா போதாதா?"

பாடசாலையில் துவாய்ப் பொதிகளைப் பதுக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். அலமாரி காலி, பொதி பெற்றதற்கான மாணவிகளின் கையெழுத்துகள் சரியாக இருந்தன. பிறகு யோகா என்ற மாணவியின் கணக்குக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன் (பெயரை மாற்றியிருக்கிறேன்). மாதம் நான்கு நாள் திகதியே இல்லை. இடாப்பில் அந்த நாட்களிலும் வந்திருக்கிறாள்.

"அன்னைக்கெல்லாம் எங்கேம்மா இருந்த?"

"லயத்து வீட்டுல மிஸ். ஸ்கூல்ல குடுத்த பேட்ட அம்மாவுக்குக் குடுத்துட்டேன். அவங்க பொழுதுக்கும் மலையில கொழுந்து எடுக்கணும், ஒதுங்க எடமில்ல. நான்னா துணிய வச்சுக்கிட்டு வீட்டுல இருந்துக்குவேன்." பிறகு மெதுவாக, "ஓ.எல். பரீட்சையில கணக்கு போயிருமோன்னு பயமா இருக்கு மிஸ்."

ஆசிரியை மறைக்கவில்லை. "வராத புள்ளைகளுக்குப் பேட் எதுக்குன்னு நிறுத்திருவாங்கக்கா. அதான் வந்ததா போட்டேன்."

முழு வரவைக் காட்டித்தான் நிறுத்துகிறார்கள் என்று பதுளையில் கேட்டதைச் சொன்னேன். அவர் இடாப்பைத் திறந்து பார்த்தார்.

"அப்போ நானே நிறுத்த வச்சுட்டேனா?"

எழுதலாமா என்றேன். "எழுதுங்க. மொதல்ல நான் ஆபீசுக்குச் சொல்லிடுறேன்."

போக நினைப்பவர்கள் அதிபரிடம் முன் அனுமதி பெறுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். இடாப்போடு கொப்பியையும் கேளுங்கள். திரும்பி வர ஆட்டோவை முன்பே சொல்லி வையுங்கள், மேலே கிடைக்காது. ஒரு தாய் நிற்கும் மலையையும் சேர்த்துப் பார்க்காமல் மகளின் புள்ளியை அளக்க முடியாது என்பதே நான் கொண்டுவந்த எண்ணம்.

திருத்திய இடாப்பை வியாழக்கிழமை அனுப்பியதாக ஆசிரியை சொல்கிறார். கிடைத்ததா என்று அலுவலகம் இன்னும் சொல்லவில்லை. முடிவு வரும் வெள்ளிக்கிழமையாம். யோகாவுக்கு அடுத்த மாதவிடாய் நாட்கள் புதன்கிழமையே தொடங்கும். அன்று முதல் பாடம் கணக்கு.