வெள்ளிக்கிழமைக்காக ஒரு வைஃபை

வண்டியைச் சுற்றி இருந்தது மூன்று பேர். டிரைவர் சீட்டில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு அப்பா. பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தபடி அம்மா. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு நான். அக்கா இல்லை. அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். போய் ஒரு வருஷமும் பதினோரு மாதமும் ஆகியிருந்தது. அவளுக்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடு சட்டையைக்கூட மாற்றாமல் நாங்கள் மூன்று பேரும் வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

அக்காவின் போன் அக்காவிடம் இருக்காது. அந்த வீட்டு மேடம் எடுத்து வைத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை மட்டும் அரை மணி நேரம் கையில் கொடுப்பார். அவர்கள் வீட்டு வைஃபையில்தான் பேசவேண்டும், வேறு பேலன்ஸ் கிடையாது. நம்ம ஊர் நேரத்துக்கு அது ஐந்தரையிலிருந்து ஆறு மணி.

அந்த அரை மணி நேரம் அப்பாவும் அம்மாவும் எங்கே இருப்பார்கள் என்றால், தளி ரோட்டில், வண்டிக்குள். அப்பா ஓட்டுவது எட்டு சீட்டுள்ள பழைய வண்டி. தளிப் பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில் ஒன்றின் ஷெட்டுக்கு ஓசூரிலிருந்து பெண்களைக் காலையில் ஏற்றிப்போய் சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். நடுவில் பூ அட்டைப்பெட்டிகளை ஏற்றி இறக்குவார். அம்மாவும் அந்த ஷெட்டில்தான் வேலை. பூவைக் காம்பு நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டுவது. ஐந்து மணிக்கு ஷெட் விட்டால், அக்கா கூப்பிடும் நேரத்துக்கு வண்டி சரியாக மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கும். நம்ம பக்கத்து டவர் விட்டுப்போய், கர்நாடகா பக்கத்து டவர் பிடிப்பதற்குள் ஒரு வளைவு வந்துவிடும். அக்காவின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். அம்மா அந்த நின்றுபோன முகத்திடம், "சாப்டியா கண்ணு, சாப்டியா" என்று கேட்டுக்கொண்டே வருவாள். அப்பா ரோட்டைப் பார்ப்பார், போனைப் பார்ப்பார், மறுபடி ரோட்டைப் பார்ப்பார். மகள் முகத்தை முழுசாகப் பார்த்து அவருக்கு மாதக்கணக்காகியிருந்தது.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாக இருக்கிறேன். அக்கா ஐந்தாவதோடு நின்றாள். அவள் நின்றதும் நான் தொடர்ந்ததும் ஒரே வருஷத்தில் நடந்தவை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் ஒயர் உள்ள எந்தப் பொருளுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கம்பெனி ஸ்டாஃப் பஸ்ஸில் வைஃபை ரூட்டர் பார்த்த அன்றே எனக்கு இந்த யோசனை வந்துவிட்டது. சிம் போடும் ரூட்டர் ஒன்று. வண்டிக் கூரைமேல் காந்தத்தில் ஒட்டும் ஆன்டெனா ஒன்று. கையிலிருக்கும் போனுக்குக் கிடைக்காத சிக்னல் கூரைமேல் உள்ள ஆன்டெனாவுக்குக் கிடைக்கும்.

"பொகை வருமாடா?" என்றாள் அம்மா.

"வராதும்மா. பன்னெண்டு வோல்ட்டுதான்."

"வந்துச்சுன்னா ரூட்டர எறக்குறதா, உன்ன எறக்குறதா?" என்றார் அப்பா.

சிகரெட் லைட்டர் துளையில் அடாப்டரைச் செருகி, ஒயரைக் கால்மிதிக்கு அடியில் ஓட்டி, ரூட்டரை சீட்டுக்கு அடியில் பட்டை போட்டுக் கட்டினேன். டேஷ்போர்டுமேல் வைத்தால் வெயிலில் வெந்துவிடும். சாவி திருகி இன்ஜின் பிடிக்கும்போது ஒருமுறை அணைந்து, திரும்ப உயிர் வர இரண்டு நிமிஷம் ஆகும். அதை அப்பாவிடம் மூன்று தடவை சொன்னேன். "என்னயும் அப்படித்தான் எழுப்பணும்" என்றார்.

சிம்முக்கு என்ன செய்வது என்று வந்தபோது, அம்மாவின் போனிலிருந்த சிம்மைக் கழற்றி ரூட்டரில் போட்டேன். ஒரே ரீசார்ஜில் போகட்டும் என்று நினைத்தேன். வைஃபை வந்தபிறகு போனில் சிம் எதற்கு? அப்பாவுடையது பட்டன் போன். ஆக, இனிமேல் அக்காவுக்கு ஒரே வழி அந்தச் சின்னப் பெட்டிதான்.

அடுத்து பாதுகாப்பு. இதில் நான் ரொம்பக் கறாராக இருந்தேன். ரூட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றினேன். அதை மாற்றாமல் விடுபவன் படித்தவனே இல்லை என்று எங்கள் லேப் சார் சொல்வார். பிறகு வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டும். அப்போது அப்பா கேட்டார்.

"போன் மாத்துனா மறுபடி அத போடணுமா?"

"போடணும்."

"நீ கம்பெனில இருப்ப. உன் போனு அங்க லாக்கர்ல இருக்கும். எனக்கு எழுத்துத் தெரியாது. உங்கம்மாவுக்கும் தெரியாது. யாரக் கேட்டுப் போடறது?"

நியாயமான கேள்வி. தரையில் உட்கார்ந்து யோசித்தேன். எதிரில் வண்டியின் பின்கண்ணாடி. வண்டி வாங்கிய அன்று, எல்லோரும் செய்வதுபோல, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டிக்கர் கடையில் பிள்ளைகளின் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் வெட்டி ஒட்டினோம். நடுவில் ஒரு சிலுவை, மேலே அக்கா பெயர், கீழே என் பெயர். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் நீளமான பெயர் அக்காவுடையது என்று தெரியும். அவள் போன பிறகு வெயிலில் முதல் எழுத்து உரிந்துவிட்டது. அதை மட்டும் புதிதாக வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தார். பழைய எழுத்துகளைவிட அது கொஞ்சம் வெளுப்புக் குறைவாக, தனியாகத் தெரியும்.

அக்கா பெயர், பின்னால் வண்டி நம்பர் நான்கு இலக்கம். அதுதான் பாஸ்வேர்டு.

"யாராவது தெரிஞ்சவங்ககிட்ட போன குடுத்து இந்தக் கண்ணாடியக் காட்டு, அப்பறம் நம்பர் பிளேட்டக் காட்டு. அவங்க போட்டுக் குடுப்பாங்க" என்றேன்.

அப்பா கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என் தலையில் கைவைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். படிக்கவைத்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது மாதிரி இருந்தது அவர் முகம்.

அந்த வாரம் எனக்கு முதல் ஷிஃப்ட். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு முடிந்ததும் தளி பஸ் பிடித்துப் போய், திரும்பும்போது அப்பா வண்டியில் உட்கார்ந்துகொண்டேன். ஐந்தரைக்கு அடித்தது. அக்காவின் முகம் வந்தது, நிற்கவில்லை. பள்ளத்தில் இறங்கினோம், நிற்கவில்லை. வளைவிலும் நிற்கவில்லை. பின்சீட்டுப் பெண்கள் கத்திய கத்தலில் அப்பா பிரேக் போட்டுவிட்டார்.

"வண்டியா கல்யாண வீடாம்மா?" என்று அக்கா சிரித்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்தில் சாதாரண கறுப்புக் கயிறு.

"ரோட்டக் காட்டுடா தம்பி" என்றாள். காட்டினேன். முட்டைக்கோஸ் தோட்டம், தைலமரம், நீலத்தார்ப்பாய் போட்ட தண்ணீர்க்குட்டை. "மெதுவாக் காட்டு, ஓடுது." அப்பா இரண்டாம் கியருக்கு வந்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான்.

"என் பேரு இருக்குதா இன்னும்?"

நிறுத்தி, இறங்கி, பின்கண்ணாடியைக் காட்டினேன். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். ரெண்டு வருஷக் கணக்கு இந்த மாதத்தோடு முடிகிறது. மேடம் இன்னொரு ரெண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார். இருக்கிறாளா, போகிறாளா என்று அடுத்த வெள்ளிக்கிழமை பேசி முடித்ததும் சொல்லியாகவேண்டும்.

"அப்பா, நீங்க பேசி வைங்க. அடுத்த வாரம் நீங்க சொல்றதுதான்."

அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சு. பேச்சு என்றால் பெரிய வாதம் ஒன்றும் இல்லை. அம்மா அக்காவின் தலையணை உறையைத் துவைத்துக் காயப்போட்டாள், அவ்வளவுதான். புதன்கிழமை சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அப்பா சொன்னார், "போதும். வந்துரட்டும்."

"நான் இப்பவே வாய்ஸ் மெசேஜ் போட்டுர்றேன்ப்பா. வெள்ளிக்கிழமை போன வாங்குனதும் கேப்பா" என்றேன்.

"நீ போடாத. நான் சொல்றேன். அவள போகச் சொன்னது என் வாய்தான். வாடீன்னும் அதே வாய்தான் சொல்லணும்."

நான் போடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டாம் ஷிஃப்ட். போன் லாக்கரில். ஐந்தரை மணிக்கு மெஷின்முன் நின்றபடி, இந்நேரம் அப்பா சொல்லியிருப்பார் என்று நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் அம்மாதான் சொன்னாள்.

"அவ கூப்புடவே இல்லடா. ஓசூர் வர வரைக்கும் கையிலயே வச்சிருந்தேன். கோடெல்லாம் முழுசா இருந்துச்சு. நல்லா எரிஞ்சுச்சு. கூப்புடல. வேலையா இருந்திருப்பா."

அம்மாவுக்குத் தெரிந்தது அந்த வைஃபை குறிதான். விசிறிபோல் முழுசாக இருந்தால் நெட் இருக்கிறது என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அது போனுக்கும் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டிக்கும் நடுவில் உள்ள தொடர்பை மட்டும்தான் காட்டும், பெட்டிக்கு வெளியே ஒன்றும் இல்லாவிட்டாலும் முழுசாக எரியும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஓடிப்போய் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். இரண்டு நிமிஷம். ரூட்டரில் பச்சை விளக்கு வந்ததும் அம்மாவின் போன் துடித்தது. வந்து விழுந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக. ஏழு மிஸ்டு கால். முதலாவது ஐந்து முப்பத்தொன்று. கடைசி ஐந்து ஐம்பத்தெட்டு.

அட்மின் பக்கத்தைத் திறந்தேன். என் கணக்குப்படி ஒரே ஒரு போன் இருக்கவேண்டிய பட்டியலில் பத்தொன்பது போன். ஒரு நாளைக்கு இரண்டு ஜிபி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கே தீர்ந்திருந்தது. தீர்ந்துவிட்டது என்ற மெசேஜ் ரூட்டருக்குள் இருந்த சிம்முக்கு வந்து, யாரும் பார்க்காமல் கிடந்தது.

ஷெட் பெண்களை ஏற்றியபோது நானும் கூடப் போனேன். பூ கட்டுவதில் எல்லோரையும்விட வேகமான பெண் ஒருத்தி, என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஏறியதும் ஏறாததுமாக, "அண்ணா, நேத்து சாயங்காலம் நம்ம நெட்டு ஏன்ணா நின்னுபோச்சு? சீரியல் பாதில இருந்துச்சு" என்றாள்.

"பாஸ்வேர்டு யாரு குடுத்தா?"

"யாரு குடுக்கணும்? அதான் பின்னாடியே எழுதி ஒட்டியிருக்கீங்களே. மொதல்ல பேர மட்டும் போட்டோம், போவல. அப்பறம் நம்பரயும் சேத்துப் போட்டோம், தெறந்துக்கிச்சு. லோடு ஏத்துறவங்களுக்கும் நாங்கதான் சொன்னோம்."

வண்டி முழுக்கச் சிரிப்பு. தமிழில் ஒருத்தி, கன்னடத்தில் ஒருத்தி, என் படிப்பைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்பாவும்கூடச் சிரிக்கப் பார்த்தார். அம்மா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நேத்து ஏழு தடவ கூப்ட்டிருக்கா" என்றாள். ஏன் கூப்பிட்டாள் என்பதையும் சொன்னாள்.

வண்டி தளிக்கு வந்து நின்றது. இறங்கும்போது அந்தப் பெண் தன் போனை என்னிடம் நீட்டினாள். "நீங்களே அழிச்சிருங்கண்ணா." அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் என்ன திருடினாள்? சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டவன் நான்.

அன்றைக்கே எல்லாம் செய்தேன். எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த இருபது இலக்கப் பாஸ்வேர்டு. வைஃபையின் பெயர் மற்ற போன்களில் தெரியாமல் மறைத்தேன். அம்மாவின் போன் ஒன்றைத் தவிர வேறு எதுவும் உள்ளே வராதபடி பூட்டினேன். அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜும் போட்டேன். அது போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது டிக் வரவில்லை. போன் மேடத்தின் அலமாரியில் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டு வண்டியில் உட்கார்ந்தேன். ஐந்தரைக்குக் கூப்பிட்டாள். படம் சுத்தமாக வந்தது. அவ்வளவு சுத்தமாக முன்னால் வந்ததே இல்லை. அப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பின்சீட்டுப் பெண்கள் தங்கள் போன்களைப் பைக்குள் போட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"உன் மெசேஜ இப்பதான்டா கேட்டேன் தம்பி," என்றாள். "போன வாரம் அடிச்சு அடிச்சுப் பாத்தேன். யாரும் எடுக்கல. வான்னு சொல்ல மனசில்லாமத்தான் எடுக்கலன்னு நெனச்சேன். உள்ளதுதானே, வந்து மட்டும் என்ன செய்யப் போறேன். இருக்கேன்னு சொல்லிட்டேன்ப்பா. பேப்பரெல்லாம் முடிஞ்சிருச்சு."

"நான் வந்துருன்னுதான் கண்ணு சொல்ல இருந்தேன்" என்றார் அப்பா. அவர் சொல்லக் காத்திருந்த அந்த வார்த்தை, வாரம் தவறி, அப்படித்தான் வெளியே வந்தது.

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ரோட்டக் காட்டுங்க" என்றாள்.

நான் போனை வாங்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். அப்பா இரண்டாம் கியரிலேயே ஓசூர் வரை ஓட்டினார்.

மற்ற டிரைவர்கள் இப்போதும் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, எவ்வளவு ஆச்சு என்று கேட்கிறார்கள். அப்பா என்னைக் கைகாட்டுவார். ரூட்டர் இரண்டாயிரத்து அறுநூறு, ஆன்டெனா முந்நூற்றைம்பது, அடாப்டரும் ஒயரும் இருநூறு, மூவாயிரத்து நூற்றைம்பது என்று சொல்வேன். அதற்குமேல் ஆனதை அவர்களிடம் சொல்வதில்லை. அக்காவின் இரண்டு வருஷம்.