சட்டி வீட்டு ஃபாவ்ர்

எங்கள் சவோய் மலைப் பள்ளத்தாக்கில் கல்லை விட்டெறிந்தால் அது ஒரு ஃபாவ்ரின் தலையில் விழும். தவறினால் அவன் மைத்துனன் தலையில் விழும். அவனும் ஃபாவ்ராகவே இருப்பான். ஃபாவ்ர் என்றால் கொல்லன். ரோமானியர்கள் விட்டுவிட்டுப் போன சொல். வடக்கே லெஃபேவ்ர், தெற்கே ஃபாப்ர், இடையில் ஃபோர், எல்லாம் ஒரே உலைக்களத்துப் பிள்ளைகள். ஊருக்கு ஒரு கொல்லன் இருந்தான், அவன் பிள்ளை பெற்றான், பெயர் பரவியது. இதில் பெருமைப்பட ஏதோ இருக்கிறது என்று எங்களில் ஒருவனுக்குத்தான் தோன்றியது.

எல்லோருக்கும் ஒரே பெயர் என்றால் பெயர் இல்லாத மாதிரிதான். அதனால் வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர். நான் ஓட்டைப்பை வீடு. எங்கள் கொள்ளுத்தாத்தா சந்தைக்குப் போய் மாடு விற்ற காசை வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்தாராம். ஊர்ப் பால் எல்லாம் சேரும் சீஸ் கூடத்தில் என் பால் கேனில் ஓட்டைப்பை என்றுதான் எழுதியிருக்கும். யாராவது செத்தால் செய்தித்தாளில் வரும் அறிவிப்பிலும் பெயருக்குக் கீழே வீட்டுப்பெயரைப் போட்டுவிடுவார்கள். யாருக்காக அழுவது என்று தெரிய வேண்டாமா?

பெருமைப்பட்ட அந்த ஒருவன் ஃபெர்னான், சட்டி வீடு. அவன் பாட்டனாரின் காலத்தில் வீடு தீப்பிடித்து எரிந்தபோது, அந்த மனிதர் உள்ளே பாய்ந்து சூப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமியார் தன் சொந்தக் கால்களால் பின்பக்கம் வெளியே வந்தாள். சூப்பு ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஒரு வீட்டுக்கு இதைவிட நல்ல பெயர் எப்படிக் கிடைக்கும்? ஆனால் பள்ளிக்கூடத்தில் யாராவது "சட்டி, சூப்பு ஆறிடுச்சா?" என்று கேட்டால் ஃபெர்னான் கல்லை எடுப்பான். எறிந்தது ஒன்றும் பட்டதில்லை.

வயது வந்ததும் அன்னெசி நகரத்துக்குப் போய் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர் ஆனான். அங்கே அவனைச் சட்டி என்று கூப்பிட ஆளில்லை. தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஃபாவ்ர். மற்றவனுக்கு இது அலுப்பூட்டியிருக்கும். இவனுக்கு ஒரு சேனையைப் பார்வையிட்டதுபோல் இருந்திருக்கிறது. அன்று முதல் அவன் பேச்சில் குலம் என்ற சொல் புகுந்தது.

"எவ்வளவு பெரிய குலம் தெரியுமா நம்மது?" என்றான், ஒரு ஆகஸ்டில் ஊருக்கு வந்தபோது.

மதுக்கடைக்கார ஒலிம்ப் கண்ணாடிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஈசல்கூடப் பெரிய குலந்தான்" என்றாள்.

"சவோய் பிரபுவுக்கு வாள் அடிச்சுக் குடுத்தவங்க நாங்க."

"உங்கப்பன் கோவேறு கழுதைக்கு லாடம் அடிக்கப் பக்கத்து ஊருக்கு ஓட்டிட்டுப் போவான். நான் பாத்திருக்கேன்."

ஃபெர்னான் சிரித்தான். படித்தவன் படிக்காதவர்களுக்குக் கொடுக்கும் சிரிப்பு. பையிலிருந்து ஒரு கேடயத்தை எடுத்தான். பாரிஸில் ஒரு கடை இருக்கிறதாம். பெயரும் பணமும் அனுப்பினால் குலச்சின்னம் வந்து சேருமாம். நீலப் பின்னணியில் சுத்தியல், அதன்மேல் கிரீடம். ஆங்கிலக் கொல்லன் ஸ்மித்துக்கும் ஜெர்மன் கொல்லன் ஷ்மிட்டுக்கும்கூட அதையே அனுப்பியிருப்பார்கள்.

அதை வீட்டு வாசலுக்கு மேலே தானே அடித்து மாட்டினான். கொல்லர் குலத்தின் வாரிசு முதல் ஆணியை வளைத்தான், இரண்டாவதையும் வளைத்தான், மூன்றாவது அவன் கட்டைவிரலைக் கண்டுபிடித்தது. அவன் மனைவி லியோந்தின் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சேவெரேனைக் கூப்பிடவா? சீஸ் கூடத்துல சும்மாதான் இருக்கான்."

"ஒரு ஃபாவ்ர் வீட்டு ஆணியை ஃபாவ்ர்தான் அடிக்கணும்."

"அவனும் ஃபாவ்ர்தானே."

முதல் குளிர்காலத்துக் காற்றிலேயே கேடயம் விழுந்து பனிக்குள் புதைந்துபோனது. அடுத்த ஆகஸ்டில் வந்து மறுபடி மாட்டினான். இது வருடந்தோறும் நடந்தது. எங்களுக்கு அது திருவிழா மாதிரி.

ஓய்வு பெற்ற பிறகும் நகரத்துக் குடியிருப்பிலேயே இருந்தான். ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது. ஆனால் புதைப்பது மட்டும் இங்கே என்று முடிவு செய்திருந்தான். பள்ளத்தாக்கு முழுவதும் தன் பெட்டிக்குப் பின்னால் நடக்க வேண்டும், அதுவும் ஃபாவ்ர் என்ற ஒரே பெயருக்காக நடக்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. சீட்டாடுகிறவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு இதைச் சொன்னான்.

"பேப்பர்ல ஃபெர்னான் ஃபாவ்ர்னு மட்டுந்தான் வரும். அந்தச் சட்டி கிட்டி எதுவும் வரக்கூடாது. கேட்டியா லியோந்தின்? உன் பேருகூட வேண்டாம். பெரிய மனுஷங்களுக்கு அப்படித்தான் போடுவாங்க."

"எந்த ஃபெர்னான்னு கேப்பாங்களே."

"கேக்க மாட்டாங்க."

அந்த விஷயத்தில் மட்டும் அவன் சொன்னது பலித்தது. யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. ஃபெர்னான் ஃபாவ்ர், எழுபத்தாறு வயது, வெள்ளிக்கிழமை, எங்கள் தேவாலயம். வேறு ஒரு சொல் இல்லை. ஒலிம்ப் கடையில் சேவெரேன் அதைச் சத்தமாகப் படித்தான்.

"குளவி போயிட்டான்" என்றான்.

கீழ்க்குடியிருப்பில் குளவி வீட்டு ஃபெர்னான் ஃபாவ்ர் என்று ஒருவர் இருந்தார். வேட்டைக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். முயலுக்குக் கண்ணி வைத்ததற்காகத் தன் சித்தப்பா மகனையே நீதிமன்றத்தில் நிறுத்தியவர். எங்களில் அவரிடம் அபராதம் கட்டாதவன் கண்ணி வைக்கத் தெரியாதவன். நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பதாக அந்தக் குளிர்காலத்தில்தான் கேள்விப்பட்டிருந்தோம். வயதும் ஏறக்குறைய அதுதான்.

"நீ போறியா?" என்று சேவெரேன் என்னைக் கேட்டான்.

"என் துப்பாக்கியைத் திருப்பிக் குடுத்தாப் போறேன்."

"பெட்டியையும் அவனே தூக்கிட்டுப் போகட்டும்யா. எல்லாத்தையும் தூக்கிட்டுப் போனவன்தானே."

பள்ளத்தாக்கின் நான்கு குடியிருப்புகளிலும் இதே பேச்சுத்தான் நடந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மணி அடித்தபோது நாங்கள் நான்கு பேர் சன்னலோரம் சீட்டாடிக்கொண்டிருந்தோம். எதிரே தேவாலயம். நகரத்திலிருந்து சவ வண்டி வந்து நின்றது. படிக்கட்டில் பாதிரியாரைத் தவிர ஆளில்லை. சேவெரேன் திருப்தியாக ஒரு துருப்புச் சீட்டை இறக்கினான்.

அப்போது தெருமுனையில் ஒரு நீண்ட கோட்டு தெரிந்தது. இருமிக்கொண்டே மெல்ல நடந்து வந்து தேவாலயத்துக்குள் நுழைந்தது.

ஒலிம்பின் கை கோப்பைக்குள்ளேயே நின்றுவிட்டது. "அது குளவிதானே?"

"குளவிதான்."

"அப்ப பெட்டிக்குள்ள யாரு?"

வண்டியின் முன்கதவு திறந்தது. கறுப்புத் தலைக்குட்டையோடு லியோந்தின் இறங்கினாள். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"அட, சட்டி!" என்றான் சேவெரேன்.

கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. துக்கம் என்று சொல்ல முடியாது. நல்ல ஆட்டம், பாதியில் இருந்தது.

"எந்திரிங்கய்யா" என்று ஒலிம்ப் கத்தினாள். "பெட்டி தூக்க ஆள் வேணாமா? பாவம், அந்தப் பொம்பள."

தொழுவத்து உடையோடும் சாணி அப்பிய பூட்ஸோடும் தெருவைக் கடந்தோம். பிரபுவுக்கு வாள் அடித்த குலத்தின் கடைசி ஊர்வலத்தில் ஒரு விதவை, ஒரு பாதிரியார், ஒரு கடைக்காரி, நான்கு சீட்டாட்டக்காரர்கள், குளவி. பெட்டி கனமாக இருந்தது. மூடியில் அந்தக் கேடயம் திருகப்பட்டிருந்தது. நகரத்துக்காரன் வேலை, நன்றாகவே உட்கார்ந்திருந்தது.

கல்லறை வாசலில் குளவி எங்களைப் பார்த்தார்.

"என் பேரைப் பாத்தேன்" என்றார். "எத்தன பேரு வராங்கன்னு எண்ணிப் பாக்கலாம்னு வந்தேன்."

சேவெரேன் பெட்டியைத் தோள் மாற்றினான்.

"எனக்கு வீட்டுப் பேரைக் கொட்டை எழுத்துல போடச் சொல்லிடுவேன். வராதவன் தெரிஞ்சே வராம இருக்கட்டும்."

லியோந்தின் எங்கள் கைகளைக் குலுக்கினாள். "தெரியலையாப்பா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.

"சொன்னேன் அவர்கிட்ட."

கல்லறைக் கல்லை ஃபெர்னான் முன்பே ஆள் வைத்துச் செதுக்கி வைத்திருந்தான். ஃபாவ்ர் என்ற பெயர் மட்டும், கீழே சுத்தியல், கிரீடம். அந்த வரிசையில் இடப்பக்கம் ஃபாவ்ர், வலப்பக்கம் ஃபாவ்ர். எதிர்வரிசையிலும் வேறு யாருமில்லை. குளவியை அடுத்த கோடையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

நவம்பரில், செத்தவர்களை நினைத்து எல்லோரும் கல்லறைக்குச் சாமந்தித் தொட்டி கொண்டுவரும் நாளில், லியோந்தின் பேருந்திலிருந்து இறங்கினாள். பூட்டிய வீட்டைத் திறந்து பரணில் ஏறினாள். என்னைக் கூப்பிட்டு ஒரு கனமான பொருளைக் கீழே இறக்கச் சொன்னாள். அது பாட்டனாரின் வார்ப்பிரும்புச் சூப்புச் சட்டி, அடிப்பக்கம் எரிந்து வெளுத்திருந்தது. அறுபது வருடமாக அதை ஃபெர்னான் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தான், ஆனால் தூக்கி எறியவும் இல்லை.

அதில் மண்ணைப் போட்டுச் சாமந்தியை நட்டாள். கல்லறைக்குக் கொண்டுபோய் அவன் கல்லின் மேல் நடுவில் வைத்தாள்.

"போன தடவ பனி மூடியிருந்தப்ப வந்து அர மணி நேரம் வேற யாரோ ஃபாவ்ருக்கு முன்னால நின்னு ஜெபம் பண்ணிட்டேன்பா" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் காற்று பலமாக இருந்தது. பக்கத்துத் தொட்டிகள் எல்லாம் உருண்டன. சட்டி அசையவில்லை.