வாக்கெண்ணப் போன முப்பத்திரண்டு கிலோமீற்றர்

போன பதிவின் கீழே ஒரு வாசகர் கோபமாக எழுதியிருந்தார்: "வீதி போட்டுத் தருகிறவனை விட்டுவிட்டு வெறுங்கையனுக்கு வாக்குப் போடுகிற இந்தப் பின்தங்கிய ஊர்ச் சனங்களுக்கு மூளை எங்கே?" நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியை இதைவிடக் கோபமாகக் கேட்டவன்தான். போதாக்குறைக்கு நான் பொருளியல் வாத்தியார். எனக்கு விடை கிடைத்தது வகுப்பறையில் அல்ல, ஒரு சைக்கிள் பயணத்தில். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, பங்குனி மாதம், ஒரு சனியும் ஞாயிறும். வடமராட்சிக் கரைக்குப் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு உதவும் என்பதால் வழியையும் சேர்த்தே எழுதுகிறேன். ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். தோற்றவரின் பிள்ளைகள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அப்போது நான் உடுவிலில் குடியிருந்தேன். பக்கத்தில் மருதனார்மடம் சந்தைக்குக் கிழமைக்கு ஒருமுறை செல்வரத்தினம் என்பவர் வடகரையிலிருந்து கருவாடு கொண்டுவருவார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். வாங்கப்போய்ப் பழக்கமாகி, பழக்கம் சிநேகமாகிவிட்டது. ஒரு நாள் கருவாட்டைச் சுற்றித் தந்துகொண்டே கேட்டார்.

"மாஸ்டர், எங்கடை கடற்றொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர் தெரிவு வருது. வாக்கெண்ண வெளியாள் ஒருத்தர் வேணும். ஊராள் எண்ணினா, எண்ணினவனுக்கும் சேத்து அடி விழும்."

"அப்ப எனக்கு விழாதோ?"

"நீங்கள் வாத்தியார். ரெண்டு அடியோடை விடுவாங்கள்."

இப்படி ஒரு அழைப்பை யாராவது மறுப்பார்களா? சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டேன். பையில் வாக்குச்சீட்டுக்காக வெட்டிய தாள்கள். பொருளாதாரத் தடையால் கடதாசியும் மண்ணெண்ணெயும் தட்டுப்பாடான காலம், அதனால் பழைய பரீட்சைத் தாள்களின் மறுபக்கம். உரும்பிராய் வழியாகக் கோப்பாய், ஆறு கிலோமீற்றர். தோட்டங்களில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டுக்கொண்டே போகலாம். ஏழரைக்கு முன்சில்லு காற்றுப் போய், ஆவரங்காலிலிருந்து அச்சுவேலிக்கு உருட்டிக்கொண்டு போனேன். ஒட்டுக்கு எட்டு ரூபாய், வெறுந்தேநீருக்கு மூன்று ரூபாய். ஒட்டுப்போட்டவர் என் பயணக் காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உதுக்கு ஏன் எண்ணுவான்? சம்மாட்டியார்தானே வெல்லப்போறார்."

பிறகு வல்லை வெளி. இங்கே காற்று எப்போதும் எதிர்க்காற்றுத்தான். போகும்போதும் எதிர், வரும்போதும் எதிர். எப்படி என்று கேட்காதீர்கள், போனவர்களுக்குத் தெரியும். பாதித் தூரம் இறங்கி நடந்தேன். நெல்லியடி தாண்டிக் கரைக்குப் போய்ச் சேரும்போது பத்தேகால். மொத்தம் முப்பத்திரண்டு கிலோமீற்றர், நாலேகால் மணித்தியாலம்.

செல்வரத்தினத்தின் வளவுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு புது வலை. இரண்டு பூவரசுக்கு இடையே, பச்சைப் பசேலென்று, இன்னும் உப்புத் தண்ணீர் படாத நைலோன் வலை. அவருடைய பழைய வலைகள் எல்லாம் முந்திய மாரியில், கரையில் வலை வைக்கும் வாடிக் குடிசையோடு எரிந்துபோயிருந்தன. அன்றிலிருந்து மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். சொந்த வலை என்றால் அந்த வீடு நிமிரும். இல்லாவிட்டால் இன்னொரு வருசமும் கூலிதான்.

"சம்மாட்டியார் தந்தவர்," என்றார். சம்மாட்டியார் என்றால் அந்தக் கரையில் வள்ளங்களும் எஞ்சின்களும் வைத்திருக்கும் முதலாளி. தேர்தலில் நின்ற இருவரில் ஒருவர். "வாக்குக்கு எண்டு சொல்லேல்லை. சும்மாதான் தந்தவர்."

"சும்மா குடுக்க அவருக்கென்ன விசரோ?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவருடைய மனைவி பரமேஸ்வரி. "வாங்கியாச்சு, போடுறதைப் போட்டிட்டுத் தொழிலைப் பாருங்கோ."

எனக்கு அவருடைய பொருளியல் மிகவும் பிடித்துப்போயிற்று.

பின்னேரம் வாசிகசாலையில் இரண்டு வேட்பாளர்களும் பேசினார்கள். சம்மாட்டியார் நல்ல பேச்சாளர், பேசியதெல்லாம் செய்யக்கூடிய மனிதரும்கூட. சங்கத்துக்கு ஐஸ் பெட்டிகள், மண்ணெண்ணெய்க்கு அனுமதி, வலை எரிந்தவர்களுக்கு வலை. மற்றவர் மகாலிங்கம். ஒரு கட்டுமரமும் ஒரு துடுப்பும்தான் அவருடைய சொத்து. எழும்பி நின்று தலையைச் சொறிந்தார். "என்னட்டைத் தர ஒண்டும் இல்லை. கூப்பிட்டா வருவன். அவ்வளவுதான்." இருந்துவிட்டார். பாவம், இந்த மனிசனை யார் நிற்கச் சொன்னது என்று நினைத்தேன்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு வாக்களிப்பு. எட்டரைக்கு நான் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே ஓட்டமும் நடையுமாகச் சனம். விடியப் போன வள்ளங்களில் ஒன்று திரும்பவில்லை. அதில் இருவர். ஒருவன் யோகன், செல்வரத்தினத்தின் தம்பி.

அந்தக் காலத்தில் கடற்படைக்குப் பயந்து கரை தெரியும் தூரத்துக்குள்தான் தொழில். அதற்கு அப்பால் இழுபட்டுப் போனவர்கள் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை. தேடிப் போகிறவர்களுக்கும் அதே கதிதான். நான் கரைக்கு ஓடிப் போனபோது யாரும் கத்தவில்லை, அழவில்லை. ஒவ்வொரு வள்ளத்திலிருந்தும் வலைகளை இறக்கி மணலில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் கரை முழுவதும் வலைக் குவியல், ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் அன்றைய சோறு. பாரம் குறையட்டும் என்று இறக்குகிறார்கள் என நினைத்துக்கொண்டேன். சம்மாட்டியார் தன் மண்ணெண்ணெய்ப் பரலை உருட்டிவரச் செய்தார். "எல்லாரும் ஊத்துங்கோ. காசுக் கதை ஒருத்தரும் கதைக்கக்கூடாது!" அந்த எண்ணெய் அன்றைக்கு என்ன விலை விற்றதென்று தெரிந்தவன் நான். மெய் சிலிர்த்துப் போனேன்.

அத்தனை வள்ளங்களும் ஒரே நேரத்தில் விரிந்து போனதை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். எஞ்சின் உள்ளவை முன்னே, துடுப்புப் போடுகிறவை பின்னே, மகாலிங்கத்தின் கட்டுமரம் கடைசியில் ஒரு புள்ளியாக. பரமேஸ்வரி தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி நின்றார். நாலு மணித்தியாலம் அப்படியே நின்றார்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு எஞ்சின் படகு தெரிந்தது, பின்னால் கயிற்றில் ஒரு வள்ளம். சம்மாட்டியாரின் படகு! எஞ்சின் நின்று இழுபட்டவர்களை அவர்தான் கண்டு கட்டியிழுத்து வந்திருந்தார். கரை அதிர்ந்தது. யோகன் உதடு வெடித்து, நடக்க முடியாமல், ஆனால் உயிரோடு. சம்மாட்டியாரின் படகை இழுக்க நானும் கை கொடுத்தேன். அதன் முன்முனையில், அணியத்தில், மூடிக் கிடந்த படங்குத் துணி விலகி, அதன் கீழே ஒரு வலை தெரிந்தது. தெரிந்ததே தவிர, அதில் எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை.

வாக்களிப்பைப் பின்னேரம் நாலு மணிக்கு வைத்தார்கள். இனி எண்ணவே தேவையில்லை என்றுதான் நினைத்தேன். வலை தந்தவர், எண்ணெய் தந்தவர், காலையில் உயிரையும் கொண்டுவந்து தந்தவர்! எண்பத்து மூன்று சீட்டு. பிரித்து அடுக்கினேன். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பள்ளம். பக்கம் மாறி அடுக்கிவிட்டேனோ என்று திரும்ப எண்ணினேன். மூன்றாம் முறையும் எண்ணினேன். சம்மாட்டியாருக்குப் பத்தொன்பது. மகாலிங்கத்துக்கு அறுபத்து நாலு.

மகாலிங்கம் என்னைவிட அதிகமாகத் திகைத்துப்போய் இருந்தார். சம்மாட்டியார் "சரி மாஸ்டர், எழுதுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

வளவுக்குத் திரும்பினால் செல்வரத்தினம் பூவரசிலிருந்து வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நீரும் அவருக்குப் போடேல்லையோ? உம்மடை தம்பியைக் கொண்டுவந்து சேத்த மனிசன்!"

"ஓம் மாஸ்டர். அந்த நன்றி சாகுமட்டும் இருக்கு. அது வேறை."

"பேந்தென்ன?"

"படகுக்கை வலை கிடந்தது. நீங்களும் கண்டனீங்கள்தானே?"

"கிடந்தால் என்ன? காய்ஞ்சுதான் கிடந்தது. அவர் மீன் பிடிக்கேல்லை."

"காய்ஞ்சதோ நனைஞ்சதோ, தேடப் போகேக்கை வலை ஏத்தக்கூடாது. எங்கடை கரையிலை ஒருத்தரும் ஏத்தமாட்டினம்." வலையை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வலை இருந்தா கண் தண்ணிக்குள்ளை போகும் மாஸ்டர். எங்கை மீன் துள்ளுது, எங்கை பறவை இறங்குது எண்டு. வலை இல்லாட்டித்தான் கண் தண்ணிக்கு மேலை நிக்கும். தண்ணிக்கு மேலைதானே நாங்கள் மிதப்பம்? அவர் தம்பியைக் கண்டுபிடிச்சவர், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா தேடேல்லை."

பரமேஸ்வரி வந்தார். இந்த வலைக்காக நேற்று வாதாடிய அதே பரமேஸ்வரி. மறு நுனியைப் பிடித்து மடிக்க உதவினார்.

சம்மாட்டியார் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். வலையைக் கண்டதும் அவருடைய முகம் சுருங்கியது. "தந்தது தந்ததுதான், கொண்டுபோம்."

"இல்லை ஐயா. இதை வச்சுக்கொண்டு உங்கடை முகத்திலை முழிக்கேலாது. தம்பியைக் கொண்டுவந்தது நீங்கள். நாளைக்கு உங்கடை படகு வராட்டி முதல் இறங்கிறது நான்தான்." விறாந்தையில் வலையை வைத்துவிட்டு நடந்தார்.

சம்மாட்டியார் என்னிடம் திரும்பினார். கெட்ட மனிதர் இல்லை அவர், இன்றும் சொல்வேன். "எண்ணெய் எரிச்சு அவ்வளவு தூரம் போறம். போற வழியிலை ரெண்டு மீன் பட்டா ஆருக்கு நட்டம்? நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுங்கோ மாஸ்டர். என்ரை கணக்குப் பிழையோ?"

நான் பதினைந்து வருசமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்ட கணக்கு அது. பிழை என்று எப்படிச் சொல்வேன்? சரி என்றும் சொல்ல வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். செல்வரத்தினம் அந்த வருசம் முழுக்கக் கூலிக்குத்தான் போனார்.

அந்தச் சனம் தங்கள் நன்மையை அறியாமல் வாக்களித்தார்கள் என்று இனி என்னால் சொல்ல முடியாது. நான் கணக்கில் எடுத்தது வலையையும் எண்ணெயையும். அவர்கள் எடுத்தது, தாங்கள் திரும்பாத நாளில் யார் தேடுவார் என்பதை. அவர்களுடைய தொழிலில் அதைவிடப் பெரிய நன்மை வேறு என்ன? கோபப்பட்ட வாசகருக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்.

இனிப் போகிறவர்களுக்கு. பங்குனி, சித்திரையில் கடல் அமைதி. கார்த்திகை, மார்கழியைத் தவிருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைப் பேருந்துகள் தாராளம், சில்லறை வைத்திருங்கள். சைக்கிள் என்றால் காலை ஆறுக்குப் பிந்தாதீர்கள், வல்லை வெளியில் வெயில் சுட்டுவிடும். மீன் கரைக்கு வருவதைப் பார்க்க ஏழு மணிக்கே போய் நில்லுங்கள். எப்போதாவது வலை இல்லாமல் வள்ளங்கள் இறங்குவதைக் கண்டால் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு வழி விடுங்கள். தெற்கிலிருந்து வருகிறவர்கள் யாழ்ப்பாணம் வரை போகத் தேவையில்லை. கொடிகாமத்தில் இறங்கி நெல்லியடி வீதியைப் பிடிக்கலாம், ஏறத்தாழப் பதினேழு கிலோமீற்றர். அந்த வீதி எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் இராணுவம் நெருங்கி வர, எங்கள் உடுவிலோடு வலிகாமப் பகுதி முழுவதும் எழும்பி வீதிக்கு வந்தபோது நானும் மனைவியும் அந்தச் சனத்துக்குள் இருந்தோம். மழை. என் சைக்கிள் நாவற்குழிப் பாலத்து நெரிசலில் போய்விட்டது. மூன்றாம் நாள் காலை கொடிகாமச் சந்திக்கு வந்தபோது மனைவியின் கால் வீங்கி, இனி ஒரு அடி வைக்கமாட்டேன் என்று வீதியோரம் இருந்துவிட்டாள். எங்கே போவது, யாரிடம் போவது, ஒன்றும் தெரியவில்லை. கடந்துபோன ஒவ்வொரு சைக்கிளிலும் ஆளுயரத்துக்குப் பொதி. எதிர்ப்பக்கமிருந்து வந்தவை தேங்காயும் பாணும் கட்டி விற்க வந்தவை. கேட்ட விலை கொடுக்க ஆள் இருந்த நாட்கள் அவை.

சந்தியில் ஒரு மனிதர் சைக்கிளைப் பிடித்தபடி, போகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். செல்வரத்தினம்.

"மூண்டு நாளா நிக்கிறன் மாஸ்டர். உங்கடை ஆக்கள் இந்தப் பக்கந்தான் வரினம் எண்டு கேள்விப்பட்டன்."

நான் அவருடைய சைக்கிளைப் பார்த்தேன். கரியரில் ஒரு கயிறுகூடக் கட்டியிருக்கவில்லை. அழுகையை அடக்குவதற்காக எதையாவது கேட்க வேண்டும் என்று, "இவ்வளவு தூரம் வெறும் கரியரோடையோ வந்தனீர்? நாலு தேங்காயாவது கட்டியிருக்கலாமே?" என்றேன்.

அவர் என் மனைவியைத் தூக்கிக் கரியரில் இருத்திக்கொண்டே சொன்னார்.

"தேட வந்தனான், மாஸ்டர்."