விசிறிக்கோழி கீழே விழும் காட்சி

சென்ற மாதம் ஒரு வார இதழில் விசிறிக்கோழியின் வரலாறு இரண்டு பக்கத்துக்கு வந்திருந்தது. தொலைக்காட்சி நிலையம் சொந்தமாகத் தயாரித்த கார்ட்டூன் தொடர் அது. ஒவ்வொரு வாரமும் கடைசியில் இரண்டு பனை விசிறிகள் ஒன்றுசேர்ந்து வட்டமாகும் அந்த முத்திரை எப்படிப் பிறந்தது என்று நிலையத்து அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார். கரண்ட் போன ஒரு மத்தியானம் விசிறிக்கொண்டிருந்தபோது அவருக்குத் தோன்றியதாம். இரண்டு தடவை படித்தேன். என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் இதழை அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகி வைத்தேன். அவள் கையில் எது கிடைத்தாலும் படித்துவிடுவாள்.

அந்த முத்திரை அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றியது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவருக்கே தோன்றியிருக்கக் கூடாதா என்று நான் நினைக்காத நாள் இல்லை.

எழுபதுகளில் டிராயிங் பரீட்சை முடித்துவிட்டு வேலை தேடியபோது, புதுச்சேரியில் கடற்கரைக்குப் பின்தெருவில் ஒரு பழைய வீட்டின் கூடத்தில் எனக்கு இடம் கிடைத்தது. சினிமாக் கொட்டகைகளில் இடைவேளையின்போது காட்டும் ஜவுளிக்கடை, பல்பொடி விளம்பரங்களைக் கண்ணாடி ஸ்லைடில் எழுதித் தருவோம். அதன் முதலாளி பாரிசில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் பத்து வருஷம் பின்னணிப் படம் தீட்டிவிட்டுத் திரும்பியவர். எல்லாரும் அவரைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ஐயா’ என்பதைப் போல முசியே என்போம். அவர் எங்களை, கூட்டிப் பெருக்குகிற அம்மா உட்பட, மதாம் என்பார். அங்கே ஏழு பெண்கள் இருந்தோம். ஆம்பளைகளுக்குக் கை நிதானம் கிடையாது என்பது அவர் கட்சி.

டிவி வந்து, சிறுவர் நேரத்துக்கு நம் ஊர்க் கார்ட்டூன் வேண்டுமென்று நிலையத்தில் பேச்சு எழுந்தபோது முசியே மெட்ராசுக்குப் போய் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கதை அவருடையது. ஒரு கோழிக்குப் பறக்க ஆசை. இறக்கையில் இரண்டு பனை விசிறியைக் கட்டிக்கொண்டு வாரம் ஒரு இடத்திலிருந்து குதிக்கும். ஒரு வாரம் வைக்கோல் போர், ஒரு வாரம் மதில், ஒரு வாரம் மணிக்கூண்டு. கொஞ்ச தூரம் பறக்கும். பிறகு விழும். கொண்டை கோணி, விசிறி கிழிந்து, வாயில் மண்ணோடு எழுந்து, உதறிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போகும்.

“விழறது பாவமா இருக்கு முசியே, புள்ளைங்க அழப் போவுது” என்றாள் எங்களில் ஒருத்தி.

“அழட்டும் மதாம். பறக்கறது கதயில்ல. விழுந்துட்டு ஒதறிக்கிட்டு நடக்குது பாரு, அந்த நடைதான் கத” என்றார்.

ஒரு நொடி ஓட்டத்துக்குப் பன்னிரண்டு படம். பென்சிலில் வரைந்ததன்மேல் கண்ணாடித் தாள் என்று நாங்கள் சொல்லும் பிளாஸ்டிக் தாளை வைத்து, முன்பக்கம் மையால் கோடு இழுத்து, பின்பக்கம் வண்ணம் தீட்ட வேண்டும். விழும் காட்சியை எல்லா வாரத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு தடவை வரைந்தோம். பின்னணி மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும். ஆறு நொடி, எழுபத்திரண்டு தாள். அந்த எழுபத்திரண்டையும் என் கையில் கொடுத்தார் முசியே. விழுந்து கிடப்பது வரை முப்பது தாள், எழுந்திருப்பதும் உதறுவதும் நடப்பதும் மீதி. ஒன்றரை மாதம் அதிலேயே இருந்தேன். கோழி தலையைச் சிலுப்பும் இடத்தில் என் கழுத்தும் சேர்ந்து ஆடுகிறது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

முதல் இரண்டு வாரத்துப் படத்தைப் பார்க்க அந்த அதிகாரி புதுச்சேரிக்கே வந்தார். கூடத்துச் சுவரில் ஓட்டிக் காட்டினோம். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, “எல்லாம் நல்லாருக்கு. ஆனா இது எங்க நிலையத்தோட சொந்தத் தொடர்னு பார்த்ததுமே தெரியணுமில்லையா? கடைசில ஒரு முத்திரை வேணும். மனசுல நிக்கணும்” என்றார்.

நேரம் கூட்டித் தர வழியில்லை, இருக்கிற நிமிஷத்துக்குள்தான் என்றும் சொன்னார். நான் பேசினேன். யாரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை.

“கோழி மேல போகப் போக ரெண்டு விசிறியும் கிட்ட கிட்ட வந்து ஒட்டிக்கிட்டா ஒரு வட்டமா ஆயிடும் சார். அதுக்குள்ள எழுத்தப் போட்டுக்கலாம்.”

மேசையிலிருந்த காகிதத்தில் நாலு கோட்டில் வரைந்தும் காட்டினேன். அவர் காகிதத்தைக் கையில் எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “அட, இதாங்க!” என்றார். எனக்குக் காது சூடானது. அந்தச் சூடு இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம்தான் கணக்குப் போட்டார்கள். முத்திரைக்கு ஆறு நொடி வேண்டும். எதை எடுப்பது? பறக்கும்போதே முத்திரை வந்துவிட்டால் விழுவதற்கு இடமே இல்லை. “விழுந்து மண்ணத் தின்னுட்டு நிக்கறதுல எங்க பேரப் போட முடியுமா, சொல்லுங்க?” என்று அதிகாரி சிரித்தார். முசியே என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் இன்னும் அந்த நாலு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். “சே ஃபினி, முடிஞ்சுது” என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

கண்ணாடித் தாள் சுலபத்தில் கிடைக்காத பொருள். வேலை முடிந்த தாள்களைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, உலர்த்தித் திரும்ப எடுத்துக்கொள்வோம். வேண்டாமென்று ஆகிவிட்ட எழுபத்திரண்டையும் கழுவ வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் குழாயடியில் வெயில் நன்றாக விழும்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அன்னக்கூடையில் தாள்களை முக்கி முக்கி எடுத்தாள். சிவப்புக் கொண்டை கரைந்து தண்ணீர் ரோஸ் நிறமாக மாறியது. மை மட்டும் சீக்கிரம் போகாது, துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள்.

“ம்மா, இது அது விழறதுதான?”

“ஆமா.”

“அழிச்சிட்டா?”

“அழிச்சிட்டா இன்னா?”

“அப்ப அது இனிமே விழாதுல்ல?”

ஈரத்தாள்களைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பு வலித்தது. “விழாது, விழாது. தண்ணிய மாத்து” என்றேன்.

தொடர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே வெறிச்சோடியது. ஆரம்பத்தில் “எங்கள் நிலையத்தின் சொந்தத் தயாரிப்பு” என்று எழுத்து வரும். புதுச்சேரி என்றோ முசியே என்றோ எங்கும் வராது. என் வட்டம் மட்டும் எங்கும் வந்தது. நோட்டுப் புத்தக அட்டை, காலண்டர், நிலையத்தின் வண்டிக் கதவு என்று பார்த்த இடமெல்லாம் இருந்தது. குழந்தைகளுக்குப் போட்டி வைத்து, ஜெயித்தவர்களுக்கு முத்திரை அச்சடித்த விசிறி அனுப்பினார்கள். என் மகள் வகுப்பில் “எங்கம்மா வரைஞ்சது” என்று சொல்ல, ஒரு பெண் நம்பாமல் சண்டைக்கு வந்தாள். என் மகள் அவள் கையைக் கடித்துவைத்தாள். நான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வரும் வழியெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இந்தத் தொடருக்காகவே ஒரு சின்ன கருப்பு வெள்ளை டிவி வாங்கியிருந்தோம். ஆண்டெனாவை மொட்டை மாடியில் உயரக் குழாயில் கட்டியிருந்தோம். காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும், படம் கொசகொசவென்று ஆகிவிடும். யாராவது மேலே போய்க் குழாயைத் திருப்ப, கீழே இருப்பவர் கத்த வேண்டும். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மில்லில் ஷிப்டுக்குப் போயிருந்தார். படம் கலங்கியது. எனக்குக் கடைசி ஆறு நொடியைப் பார்த்தாக வேண்டும். அந்த வாரம்தான் விசிறிகள் சேரும் இடத்தில் படம் துள்ளும் ஒரு சின்ன வெட்டலைச் சரிசெய்து புதிதாக வரைந்து கொடுத்திருந்தேன். “ஓடு, மாடிக்கு ஓடு” என்று மகளை அனுப்பியது நான்தான். சுவரில் மாட்டியிருந்த இரண்டு பனை விசிறிகளை அவள் எடுத்துக்கொண்டு போனதை நான் பார்க்கவில்லை. கண் டிவியில் இருந்தது.

“தெரியுதா?”

“இன்னுங் கொஞ்சம்!”

“இப்ப?”

“ஆங், போதும், போதும்! தெரியுது!”

படம் தெளிவாக வந்தது. கோழி குதித்தது, மேலே போனது. விசிறிகள் நெருங்கின. வெட்டல் இல்லை, வழுக்கிக்கொண்டு சேர்ந்தன. வட்டம் மூடும்போது வெளியே சத்தம் கேட்டது.

பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் குதித்திருக்கிறாள். மணலைத் தாண்டிச் செங்கல் அடுக்கில் விழுந்திருந்தாள். தலைமுடி ரிப்பனால் விசிறிகளைத் தோளில் கட்டியிருந்தாள். நல்ல முடிச்சு, நான் சொல்லிக்கொடுத்த முடிச்சு.

இடுப்பு எலும்பும் வலது தொடையும் உடைந்திருந்தன. பெரியாஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் நன்றாகப் பேசினாள். ஏன்டி, ஏன்டி என்று நான் கேட்டுக்கொண்டேயிருந்தேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். விளையாட்டில் நான் ஏமாற்றிவிட்ட மாதிரி பார்த்தாள்.

“விழறதத்தான் நாம கழுவிட்டமேம்மா.”

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, “இன்னா சொல்லுது புள்ள?” என்றாள். “ஜுரத்துல ஒளறுது” என்றேன்.

என் கணவரிடம் மட்டும் சொன்னேன். வராண்டாவில் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், “ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் பறக்கக் கத்துக்குடுத்த. நம்ம புள்ளைக்கு எறங்கக் கத்துக்குடுத்தியா?” என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை.

தொடரில் இன்னும் ஐந்து வாரம் பாக்கி இருந்தது. அந்த ஐந்துக்காவது விழும் காட்சியைச் சேர்க்கச் சொல்ல முசியேவோடு மெட்ராசுக்குப் போனேன். அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். காப்பி வந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கியது, பொய்யில்லை. அதனால்தான் அவரை இன்றுவரை முழுசாகத் திட்ட முடியவில்லை.

“ஆறு நொடி சார். திரும்ப நானே வரைஞ்சு தர்றேன்.”

“அந்த ஆறு நொடி இப்போ எங்க முகம்மா. அத எப்படிம்மா எடுக்கறது?”

“எடுக்க வேணாம். அதுக்கு அப்புறமா அது விழட்டும்.”

“முத்திர விழற மாதிரி ஆயிடுமே.”

முசியே மேசையில் கையை ஊன்றினார். “கோழி விழும் சார். கோழின்னா விழும். புள்ளைங்ககிட்ட இத மறைக்கக் கூடாது” என்றார். அதிகாரி மணியடித்து யாரையோ கூப்பிட்டார். வேண்டுமானால் ‘இதைப் போல் செய்து பார்க்க வேண்டாம்’ என்று ஒரு வரி போடலாம் என்றார். கடைசிவரை அதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு என்ன பயன்? கிளம்பும்போது என் கையில் ஒரு உறை கொடுத்தார். “பாப்பாவுக்கு” என்றார். பஸ் ஏறித்தான் பிரித்துப் பார்த்தேன். முத்திரை அச்சடித்த விசிறி, ஜோடியாக. திண்டிவனம் தாண்டும்வரை மடியிலேயே இருந்தது. பிறகு ஜன்னல் வழியாகப் போட்டேன்.

நான் வேலையை விடவில்லை. அவள் விழுந்த பத்தாம் நாளே திரும்பிப் போய்க் கோழி பறப்பதற்கு வண்ணம் தீட்டினேன். மில் கதவு எந்த நாளும் சாத்தப்படலாம் என்ற நிலை, விட முடியாது. அப்படியே ஒரு நாள் சாத்தினார்கள். என் கணவர் இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குப் போகிறார். முசியே கூடத்தைப் பூட்டிவிட்டுப் பாரிசுக்கே போய்விட்டார். என் மகளுக்கு வலது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. உயர்ந்த அடிவைத்த செருப்பு தைத்துப் போடுகிறோம். படியில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டால் எந்த வேலையாக இருந்தாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். “கீழதாம்மா போறேன்” என்பாள் எரிச்சலாக.

அந்த வார இதழை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தால் அரிசி எடுக்கப் போகிறவள் கண்ணில் படாதா? முழுக்கப் படித்தாள். மறுநாள் பரண்மேல் இருந்த என் பழைய அட்டைப் பெட்டியை இறக்கச் சொன்னாள். ஸ்டுடியோ மூடியபோது கொண்டுவந்த உபயோகமற்ற கண்ணாடித் தாள் கொஞ்சம் அதில் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கழுவினால் மை போகும், பேனா முள் கீறிய தடம் போகாது. இது எங்களுக்கெல்லாம் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

“ம்மா, இந்தா.”

வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். மேலே வேறு ஏதோ கோடுகள், அதற்கடியில் மயிரிழை மாதிரி என் கோழி. கழுத்து மடங்கிக் குப்புறக் கிடந்தது. முப்பதாவது தாள்.

“எழுந்துக்கறது எங்க?”

பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். இல்லை. அந்த நாற்பத்திரண்டு தாளும் எந்தெந்த விளம்பரத்துக்குள் போய் எங்கே கிடக்கின்றனவோ.

“பரவால்ல, நீ வரைஞ்சு குடு” என்று பென்சிலை நீட்டினாள்.

முப்பத்தோராவது தாளில் முதலில் கழுத்துதான் நிமிர வேண்டும். இடது விசிறியைத் தரையில் ஊன்றி, கொண்டை கோணியபடியே, அரை அங்குலம். அது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். பென்சிலை வாங்கினேன். இரண்டு தடவை கோடு போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தடவையும் கோழி கிடந்த வாக்கிலேயே வந்தது. என் மகள் பக்கத்தில் நின்று, கனமான செருப்பில் ஒரு காலும் வெறும் தரையில் ஒரு காலுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“கழுத்து எவ்ளோ மேல வரணும், அத மட்டும் சொல்லு” என்றாள்.