என் காலுக்குச் செருப்பு பார்த்த லூர்துமேரி

லூர்துமேரி இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு வீட்டு வாசலில் குனிந்து என் சாண்டலின் பின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் செய்தவள் எங்களோடு வேலை பார்க்கும் மும்தாஜ். "கலாக்கா, எங்க இருக்கீங்க? மொதல்ல எங்கனா உக்காருங்க" என்றாள். அப்படி ஆரம்பித்தால் என்ன வரும் என்று தெரியாதா? "யாரு, சொல்லு" என்றேன். "லூர்துக்கா போயிட்டாங்க. ரெண்டு நாளா வாயுன்னாங்களாம், காத்தால நெஞ்சு வலி ஜாஸ்தியாயிடுச்சாம். சிதம்பரம் கொண்டு வர்றதுக்குள்ள வழியிலியே..." என்று அழுதாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊரார் பிரஷரையெல்லாம் எழுதி வைத்தவள், தன் நெஞ்சு வலியை இரண்டு நாளாக வாயுத் தொல்லை என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள்.

அவளோடு வேலை பார்த்தவர்களுக்கும், கிள்ளைப் பக்கம் அவளிடம் மாத்திரை வாங்கியவர்களுக்கும், அவளிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்த மூன்று வகையினரும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். அவள் என்னை எவ்வளவு திட்டினாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஏன் திட்டினாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி நான் எழுதினால் அது பொய்.

எங்கள் வேலை வீடு வீடாகப் போய் சுகரும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுப்பது. லூர்து கிள்ளைக்காரி, நான் சிதம்பரம். இருவருக்கும் ஒரே வயது. தார் ரோடு முடிந்த பிறகுதான் எங்கள் நடை ஆரம்பிக்கும். இறால் குட்டைக் கரை, சிப்பி ஓடு கலந்த மணல், வேலிகாத்தான் முள், படகு பழுது பார்க்கும் இடத்தில் சிதறிக் கிடக்கும் ஆணிகள். இதில் வீட்டுக்கு வீடு செருப்பைக் கழற்ற வேண்டும், மறுபடி மாட்ட வேண்டும். அதனால் எல்லோரும் சட்டென்று உதறிவிடக்கூடிய ரப்பர் செருப்புதான் போடுவோம். நானும் அப்படித்தான் போட்டிருந்தேன். எனக்கும் சுகர் உண்டு என்பதையும், பாதம் கொஞ்ச காலமாக மரத்துக் கிடக்கிறது என்பதையும் யாரிடமும் சொல்லவில்லை. கால் சரியில்லாதவளுக்கு நடக்கிற வேலையைத் தருவார்களா? நிரந்தரமில்லாத வேலை. என் வீடு அதை நம்பித்தான் ஓடுகிறது.

ஒரு நாள் மீனவர் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டுப் பெண் தரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, குங்குமம் எதுனா கொட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் சிமெண்டுத் தரையில் சிவப்பாக என் வலது பாதம் பதிந்திருந்தது. பின்னால் வந்த லூர்து வெளியே போய் என் செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு படகு ஆணி அதை முழுசாகத் துளைத்து மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வலிக்கலியா?" என்றாள். "வலிச்சுது. முள்ளுன்னு வுட்டுட்டன்" என்றேன். காயத்தைக் கழுவிக் கட்டினாள். பிறகு என் இரண்டு காலையும் தன் மடியில் வைத்துக்கொண்டு, "கண்ண மூடு" என்றாள். கையில் பேனா வைத்திருந்தாள். "இப்ப எந்த வெரல தொடுறன்?" என்று கேட்டாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நாங்கள் செய்யும் அதே சோதனை. "கட்ட வெரலு" என்றேன். "இப்ப?" "சுண்டு வெரலு." "இப்ப?" "நடு வெரலு." அடுத்த "இப்ப?" வரவில்லை. கண்ணைத் திறந்தேன். பேனா மூடியபடி அவள் பக்கத்தில் தரையில் கிடந்தது. "நான் தொடவே இல்ல கலா" என்றாள்.

புண் ஆற ஆறு வாரம் பிடித்தது. வழுக்கி விழுந்து கால் பிசகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒரு விரல் போய்விடுமோ என்று டாக்டர் பயந்த நாட்களும் உண்டு. மரத்த காலுக்கென்றே மருத்துவமனையில் தரும் ரப்பர் செருப்பை அவர் எழுதித் தந்தார். நான் வேண்டாம் என்றேன். அந்தச் செருப்பை நானே எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதைப் போட்டால் ஊரில் தொழுநோய் என்று பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அடுத்தவருக்கு "வெக்கப்படாதீங்க" என்று புத்தி சொன்ன வாய்தான் இந்த "வேண்டாம்" என்பதையும் சொன்னது. டாக்டர் பெருமூச்சு விட்டு, "அப்போ தடிமனான சோல், பின்னால் வார், உள்ளே எங்கும் உறுத்தாத செருப்பாப் பாத்து வாங்குங்க. தினமும் யாராவது பாதத்தைப் பார்க்கணும்" என்றார். "நான் பாத்துக்கறன்" என்று லூர்துதான் பதில் சொன்னாள், என்னைக் கேட்காமலேயே.

சிதம்பரத்தில் வீதி வீதியாகத் தேடியும் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை கடலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதுநகரில் அவள் அம்மா வீட்டில் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, என்னை அதன் மேல் நிற்க வைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்து கத்தரித்தாள். வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் பெரிது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. "பெருசுக்குத்தான் செருப்பு பாக்கணும்" என்றாள். உடனே கிளம்பவும் விடவில்லை. "காலைல காலு சுருங்கி இருக்கும். சாயங்காலம் கொஞ்சம் வீங்கும்ல, அதான் நெஜமான சைசு" என்று ஐந்து மணி வரை உட்கார வைத்தாள்.

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர், "பஞ்சு மாதிரி இருக்கும் பாருங்க" என்று ஒரு ஜோடியை நீட்டினார். லூர்து கட்டை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, எழும்பவில்லை. "பதினஞ்சு நாள்ல அப்பளம் ஆயிடும்" என்று ஓரம் வைத்தாள். அடுத்ததை இரண்டு கையாலும் வளைத்தாள். "நடுவுல மடங்குது. வெரலு மடங்குற எடத்துல மட்டுந்தான் மடங்கணும்" என்று அதையும் வைத்தாள். வாரின் உட்பக்கத்தில் புறங்கையைத் தேய்த்துத் தையல் உறுத்துகிறதா என்று பார்த்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் பிரச்சினை இல்லை. சேலையிலிருந்து சேப்டி பின்னைக் கழற்றி, சோலின் அடியில் ஓங்கிக் குத்தினாள்.

"இன்னாம்மா பண்ற? குத்திட்டா அப்பறம் யாரு வாங்குவா?" என்று கடைக்காரர் எழுந்துவிட்டார். "குத்துனது உள்ள வரலன்னா நாங்களே வாங்கிக்கறோம். வந்துதுன்னா அத எவனுக்கும் விக்காத" என்றாள் இவள். கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தெரிந்தவர் யாராவது இருந்தால்? "எதுக்கு இவ்ளோ சோதனை? மலை ஏறப் போறீங்களா?" என்று அவர் கத்தினார். இப்போது சொல்லிவிடப் போகிறாள் என்று பயந்து அவள் முழங்கையைப் பிடித்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமா, மலை ஏறத்தான்" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே பரணிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினார். காலேஜ் பையன்கள் மலைப்பக்கம் நடக்க வாங்குகிற சாண்டல். முன்னால், மேலே, பின்னால் என்று மூன்று ஒட்டுப்பட்டைகள். விரலுக்கு முன்னால் கல் இடிக்காதபடி ரப்பர் தடுப்பு. அடியில் ஆழமான வெட்டுகள். அதிலும் குத்தினாள். இந்த முறை சேப்டி பின் உள்ளே வரவில்லை.

போட்டுப் பார்த்தேன். "வசதியா இருக்கா மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார். "இருக்கு" என்றேன். லூர்து, "அவள கேக்காதீங்க" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். காகிதப் பாதத்தை உள்ளே வைத்து நாலு பக்கமும் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். கடைக்குள்ளேயே பத்து நிமிடம் என்னை நடக்கவிட்டாள். பிறகு கழற்றி, பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிச் சிவந்திருக்கிறதா என்று தடவினாள். முதல் ஜோடி சுண்டுவிரல் ஓரத்தைச் சிவக்க வைத்திருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை. அகலமான இரண்டாவது ஜோடியில் ஒன்றும் இல்லை. "இது ஆம்பள செருப்பு லூர்து" என்று முணுமுணுத்தேன். "வெரலு போச்சுன்னா பொம்பள வெரலு எந்தக் கடையில வாங்குவ?" என்றாள். வாங்கிவிட்டோம்.

அடுத்து நான் செய்த தப்பை நீங்களும் செய்திருப்பீர்கள். வீட்டுக்கு வீடு குனிந்து பட்டையைப் பிரித்து ஒட்டச் சோம்பல். மூன்றாவது வாரமே பின் வாரைக் குதிகாலால் மிதித்து மடக்கி, சாதாரணச் செருப்பாக ஆக்கிவிட்டேன். ஒரு மழை நாளில் குட்டைக் கரையில் போகும்போது பின்னாலிருந்து "நில்லு!" என்று ஒரு அலறல். திரும்பினேன். லூர்து சேறு சொட்டும் என் சாண்டலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சேறு அதை உருவிக்கொண்டது தெரியாமல் நாலடி வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். ஒரு முழம் தள்ளி வேலிகாத்தான் கிளை ஒன்று வெட்டிப் போடப்பட்டிருந்தது.

"திங்கக்கெழம மீட்டிங்ல சிஸ்டர்கிட்ட நானே சொல்லிடப்போறன்" என்றாள். சிஸ்டர் எங்கள் மேற்பார்வை நர்ஸ். நான் கெஞ்சியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "ஒனக்கு என் ஏரியா மேல கண்ணு. அதான் என்ன தூக்கப் பாக்கற" என்றேன். இதை எழுதும்போது கூசுகிறது. அன்று வேலை முடிந்ததும் வழக்கம்போல என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். நானும் காலை நீட்டினேன். பேசாமலே பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை கூட்டம் முடியும்போது சிஸ்டர், "வேற யாருக்காவது எதனா சொல்லணுமா?" என்று கேட்டார். லூர்து எழுந்து நின்றாள். இனி எந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பது என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. "சுகர் பாக்குற ஸ்ட்ரிப் பத்தல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும், "நீயா சொல்ற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டன். ஆனா சொல்லிடு கலா. நான் ஒருத்தி பாத்தா பத்தாது. எனக்கு ஒடம்பு சரியில்லன்னா யாரு பாப்பா?" என்றாள். அதன் பிறகு ஒன்றரை வருடம். வாரம் தவறாமல் கேட்டாள், "சொல்லிட்டியா?" நான், "பொங்கல் போகட்டும்" என்றேன். பிறகு, "பொண்ணு பரீட்சை முடியட்டும்" என்றேன். அவளுக்கு எரிச்சல் ஜாஸ்தியாகும். உங்கள் எல்லோர் முன்னாலும் என்னை "சோம்பேறி", "ஏமாத்துக்காரி" என்று திட்டுவாளே, அது இதற்குத்தான்.

கிள்ளையில் அவள் வீட்டு முன்னால் பந்தல் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். நேரம் நடுப்பகல். தெருவோரம் செருப்புகள் குவிந்து கிடந்தன. எல்லோரும் சூடான மணலில் வெறுங்காலோடு வேகமாக நடந்து பந்தலுக்குள் போனார்கள். நான் சாண்டலோடு நின்றேன். வீட்டுக்குள் வழவழப்பான தரையில் கழற்றலாம், வெளியே ஒரு அடிகூடக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். இந்தச் சூட்டில் என் பாதம் வெந்தாலும் எனக்குத் தெரியாது. இரண்டு நிமிடம்தானே என்று குனிந்தேன். முடியவில்லை, நிமிர்ந்து அப்படியே நடந்தேன். "செருப்பக் கழட்டிட்டு வாம்மா, செத்த வூடு" என்று ஒரு பெரியவர் அதட்டினார். பந்தலில் இருந்த எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். சிஸ்டரும் அங்கேதான் இருந்தார்.

"எனக்கு சுகருங்க. காலு மரத்துப் போச்சு. வெறுங்கால்ல நடக்கக் கூடாது" என்றேன். கத்தித்தான் சொல்லியிருக்கிறேன் போல. சிஸ்டர் என்னிடம் வந்து மெல்லிய குரலில், "எத்தன நாளா?" என்றார். "ரெண்டு வருஷம் இருக்கும். லூர்துக்கு மட்டும் தெரியும்" என்றேன். லூர்துவின் வீட்டுக்காரர் ஆரோக்கியதாஸ் அண்ணன் தலை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குத்தானா? தெனம் ஏன் லேட்டுன்னு கேட்டா, பஸ்ஸு வரலம்பா. எங்கிட்டகூட சொல்லலியேம்மா" என்று உடைந்து அழுதார். நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வேலை என்ன ஆகும் என்று இன்னும் தெரியவில்லை. வரும் வாரம் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் சிஸ்டர். எது நடந்தாலும், சொன்னதைத் திரும்ப மறைக்க முடியாது. அவளுக்காக நான் சொல்ல வேண்டியிருந்தது பந்தலில் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். ஒன்றரை வருடம் அதைக் கேட்கக் காத்திருந்தாள். அவளுக்கு மூன்றடி தூரத்தில் நின்று, ஊரே கேட்கச் சொன்னேன். அவள் கேட்கவில்லை.